திருமலையின் மேற்குப் பக்கம்

திருகோணமலைக்கு, சுருக்கமாகத் திருமலைக்கு, போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடற்கரை, நேரமிருந்தால் படகு பிடித்துப் புறாத்தீவு. யாழ்ப்பாணத்தில் இருந்து குடும்பமாக வான் பிடித்துப் போகிறவர்கள் விடியப் புறப்பட்டு இரவே திரும்பிவிடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர் கொழும்பில் இருந்து இரவு ரயிலில் வந்து, ஸ்டேசன் வாசலிலேயே ஓட்டோ ஏறி உப்புவெளிக்கோ நிலாவெளிக்கோ போய்விடுகிறார்கள், நகரத்துக்குள் அவர்கள் இறங்குவது திரும்பிப் போகிற நாளில் பஸ் எடுக்க மட்டும்தான். கோயிலும் கடற்கரையும் பார்க்க வேண்டியவைதான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் உலகத்தின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று அந்த நகரத்தின் மேற்குப் பக்கத்தில் கிடக்கிறது, திருமலை என்ற ஊர் வரலாற்றில் பட்ட பாடெல்லாம் அந்தத் துறைமுகத்தால் பட்டது, அதன் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் வருகிறார்கள் என்பது எனக்குச் சரியான கவலை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அங்கே துறைமுகத்தைப் பார்த்திருக்கும் உவர்மலை மேட்டில் பெரியம்மா வீடு இருக்கிறது. போனால் சில நாள் நிற்பேன், அவசரமில்லாமல் நடப்பேன். அப்படி நின்று பார்த்ததால் தெரிந்துகொண்டவைதான் இனி வருபவை.

முதலில் ஊரின் இருப்பை விளங்கிக்கொண்டால் மீதி தானாக விளங்கும். நகரம் ஓர் ஒடுங்கிய நிலத்துண்டில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையும் அதன் அடியில் கோட்டையும் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்க, அதற்குத் தெற்கே டச்சுக் குடா, வடக்கே இன்னொரு பெரிய குடா. படங்களில் வருகிற திருமலை அந்தப் பக்கம்தான். மேற்கே கொஞ்சம் நடந்தால் வேறொரு நீர் தெரியும். சுற்றிவரப் பற்றைக்காடு மூடிய குன்றுகள், நடுநடுவே சின்னத் தீவுகள், உள்ளே உள்ளே வளைந்து போகிற சிறு குடாக்கள். இதுதான் உட்துறைமுகம். கப்பல் இதற்குள் வர வேண்டுமென்றால் தெற்கே கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து ஒரு வாசல் இருக்கிறது, அந்த வாசலுக்கு மேலே குன்றில் ஒஸ்டென்பேர்க் கோட்டை காவல் இருக்கிறது. சராசரி ஆழம் 25 மீற்றர் அளவு. கிழக்கே வாடைக் காற்றில் கடல் குமுறுகிற மார்கழியிலும் உள்ளே தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். மனிதர் ஒரு கல்லும் கொட்டி அணை கட்டாமல் இப்படி ஓர் இடம் அமைந்திருப்பதை முதல்முதலாக உவர்மலையில் நின்று பார்த்தபோது எனக்கு வந்த வியப்பு இன்னும் குறையவில்லை.

இந்த அமைதிக்குத்தான் அவ்வளவு சண்டை. பாய்க்கப்பல் காலத்தில் வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் பெரிய கடற்படை ஒன்று ஒதுங்க இடமே கிடையாது. சென்னையில் துறைமுகம் இல்லை, கப்பலைக் கடலில் நிறுத்திவிட்டு மசூலாப் படகில்தான் ஆளும் பொருளும் கரையேற வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் புயல் தொடங்கிவிட்டால் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் நிச்சயமில்லை, ஆங்கிலேயர் தங்கள் கப்பல்களைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. திருமலையைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. மழைக்காலம் முழுக்க உள்ளே நின்று கப்பலைப் பழுதுபார்த்துவிட்டு, கடல் அடங்கியதும் மற்றவருக்கு முன்னால் வெளியே வந்துவிடலாம். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் ஆலயத்தை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், பிடித்தார்கள். 1782ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள்: ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடிக்கிறார்கள், ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் ஆங்கிலேயரிடமிருந்து பிடிக்கிறார், செப்டம்பர் 3ஆம் திகதி இரண்டு கடற்படைகளும் கரைக்கு வெளியே மோதுகின்றன. அந்தச் சண்டையின் நினைவாகப் பெயர் வைத்து 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய போர்க்கப்பல் ஒன்று இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் மிதக்கிறது, எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிக்கொண்டு. பிறகு ஊர் ஒப்பந்தப்படி ஒல்லாந்தரிடமே திரும்பிப் போய், 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்து, 1957 வரை அவர்களுடைய கடற்படைத் தளமாக இருந்தது. நாடு சுதந்திரமடைந்து ஒன்பது வருடம் கழித்தும் துறைமுகம் எங்களுடையதாக இருக்கவில்லை.

இங்கே ஒரு கேள்வி எல்லோருக்கும் வரும், எனக்கும் சின்ன வயதிலேயே வந்தது. இவ்வளவு நல்ல துறைமுகம் இருக்க, நாட்டின் பெரிய துறைமுகம் ஏன் கொழும்பானது? கொழும்பில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 1875இல் அடிக்கல் வைத்து, பத்து வருடம் பாடுபட்டு, கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்டித்தான் அதை உருவாக்கினார்கள். காரணம் தண்ணீரில் இல்லை, தரையில் இருக்கிறது. கோப்பியும் பிறகு தேயிலையும் விளைந்தது மலைநாட்டில். அங்கேயிருந்து றோட்டும் ரயிலும் இறங்கியது கொழும்புக்கு. திருமலைக்குப் பின்னால் இருந்தது வறண்ட வலயத்துக் காடும், தூர்ந்துபோன குளங்களும், மலேரியாவும். ரயில் பாதையே 1927இல்தான் வந்து சேர்ந்தது. ஏற்றுவதற்குப் பொருளும் இறக்கியதை வாங்குவதற்குச் சனமும் அருகில் இல்லாவிட்டால் ஆழமான தண்ணீர் வியாபாரத்துக்கு உதவாது, சண்டைக்குத்தான் உதவும். திருமலையின் முழுக் கதையையும் இந்த ஒரு காரணத்தால் விளங்கப்படுத்தலாம் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் துறைமுகம் தூங்குகிறது என்று சிலர் எழுதுவது சரியில்லை. காலையில் உவர்மலை மேட்டில் இருந்து இறங்கி உட்துறைமுக வீதியில் நின்றால், எதிர்க்கரையில் சீனக்குடாப் பக்கம் வானம் முட்ட நிற்கிற வெள்ளைக் குதிர்கள் தெரியும். அது பிறீமா மா ஆலை. சிங்கப்பூர் நிறுவனம், 1977இல் ஒப்பந்தம் செய்து 1980இல் ஓடத் தொடங்கியது, ஒரே இடத்தில் அமைந்த மா ஆலைகளில் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. நெல் விளைகிற நாடு இது, கோதுமை ஒரு மணிகூட விளையாது, ஆனால் காலையில் பாணும் இரவில் கொத்தும் இல்லாமல் எங்களுக்கு முடியாது. அந்தக் கோதுமையின் பெரும்பங்கு கப்பலில் இந்தக் குடாவுக்குள்தான் வருகிறது.

பெரியம்மாவின் மகன் பல வருடமாக மா லொறி ஓடுகிறார். ஒரு காலை நான் வீதியோரம் நிற்பதைக் கண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன தங்கச்சி, கோயிலுக்குப் போகேல்லையா?"

"பின்னேரம் போறன் அண்ணா. அந்தக் கப்பல் எப்ப வந்தது?"

"முந்தாநாள். கோதுமைக் கப்பல். இப்ப அடிப்பக்கம் சிவப்புக் கொஞ்சம்தானே தெரியுது? பின்னேரம் வந்து பார், இன்னும் தெரியும். இறக்க இறக்க மேல வரும். முழுக்கச் சிவப்பாத் தெரியிற அண்டைக்குக் கப்பல் வெளிக்கிட்டிடும்."

அதற்குப் பிறகு நான் எந்தக் கப்பலைப் பார்த்தாலும் முதலில் அந்தச் சிவப்பைத்தான் பார்க்கிறேன். நீர்க்கோட்டுக்குக் கீழே பூசின நிறம் அது. பாரம் இருந்தால் தண்ணீருக்குள் மறைந்திருக்கும். உறிஞ்சு குழாயைக் கப்பலின் சரக்கறைக்குள் இறக்கி, தானியத்தைக் காற்றோடு இழுத்து நேரே குதிருக்குள் அனுப்புகிறார்கள், மூட்டை தூக்குகிற வேலையே இல்லை. அரைத்த மா லொறியிலும் ரயில் பெட்டியிலும் நாடு முழுக்கப் போகிறது, தவிடு மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது பாண் விலை ஏறின ஏற்றம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் நாட்டின் நிலைமை என்ன என்று அறிய எனக்குப் பேப்பரை விட உவர்மலை மேடுதான் உதவியது, கப்பல் நிற்கிறதா இல்லையா என்பது அங்கே நேரே தெரியும்.

அதே கரையில் சீமெந்து ஆலையும் இருக்கிறது. டோக்கியோ சீமெந்து என்று மூட்டையில் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுத்த கிளிங்கர் உருண்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து, ஜிப்சம் சேர்த்து இங்கே அரைக்கிறார்கள். போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் எழும்பின வீடுகளில் எத்தனையோ இந்தக் குடாவழியாக வந்த சீமெந்தால் எழும்பியவை, எங்கள் வீட்டு முன்விறாந்தையும் சேர்த்து.

எண்ணெய்க் குதங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீனக்குடாவுக்குப் பின்னால் காட்டுக்குள், வரிசை வரிசையாக இரும்புத் தாங்கிகள். ஆங்கிலேயர் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வருடங்களில் தங்கள் கடற்படைக்கு எண்ணெய் சேமிக்கக் கட்டியவை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் பிடிக்கும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு விமானம் குதம் ஒன்றின் மேலேயே விழுந்து அது பல நாள் எரிந்தது. உருகி மடங்கின அந்த இரும்பு இன்றும் காட்டுக்குள் கிடக்கிறது. இப்போது மிஞ்சியிருப்பவை 99. இவற்றில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் வெறுமையாகவே இருந்தன, கொடி படர்ந்து, மரம் முளைத்து. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலேயே இந்தக் குதங்களின் பெயர் வருகிறது என்றால் இரண்டு அரசுகளுக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். 2003இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி. உள்ளே வந்தது, 2022 ஜனவரியில் புது ஒப்பந்தம், 14 குதம் ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. இத்தனை பேச்சும் நடக்கிற குதங்களைத் திருமலைச் சனத்தில் பெரும்பாலானவர்கள் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை, பஸ்ஸில் போகும்போது மரங்களுக்கு மேலாலே ஒன்றிரண்டு கண்ணில் படுவதோடு சரி.

இதுதான் எனக்கு மனதில் உறுத்துகிற விஷயம். துறைமுகக் கரையில் பெரும்பகுதி கடற்படையிடமோ துறைமுக அதிகாரசபையிடமோ விமானப்படையிடமோ ஆலைகளிடமோ இருக்கிறது. ஒஸ்டென்பேர்க் கோட்டைக்குப் போவதென்றால் கடற்படைத் தளத்துக்குள்ளால் போக வேண்டும், அனுமதி வேண்டும். கிழக்கே உள்ள பிரெட்ரிக் கோட்டையும் இன்றுவரை இராணுவ முகாம்தான், கோயிலுக்குப் போகிற பாதை அதற்குள்ளால் போவதால் மட்டும் நாங்கள் நுழைகிறோம். எந்தக் கொடி பறந்தாலும், துறைமுகத்தை ஆள்கிறவர் உள்ளே இருப்பார், ஊர் வேலிக்கு வெளியே இருக்கும். துறைமுகத்துக்கு அடுத்த நிலமும் அப்படித்தான்: துறைமுக அதிகாரசபைக்குரியது என்று சொல்லப்படுகிற நிலத்தில் பல காலம் நெல் விதைத்த முத்துநகர் விவசாயிகள் 2025இல் தங்கள் வயல் சூரிய மின்சாரக் கம்பனிகளுக்குப் போவதை எதிர்த்து வீதிக்கு இறங்கினார்கள். குடாவுக்கு அக்கரையில் சம்பூர் சனம் 2006இல் சண்டையில் இடம்பெயர்ந்து, அவர்கள் நிலத்தில் அனல்மின் நிலையம் வரப்போகிறது என்று சொல்லப்பட்டு, முகாம்களில் ஒன்பது வருடம் கிடந்து 2015இல்தான் திரும்பத் தொடங்கினார்கள்; அந்த நிலக்கரித் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. ஆழமான தண்ணீர் பக்கத்தில் இருப்பதால் ஒரு கிராமம் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்குச் சம்பூரைவிட வேறு சாட்சி தேவையில்லை.

சரி, பின்னேரம். வெயில் இறங்கினதும் ஊர் முழுக்க டச்சுக் குடாக் கரைக்கு வரும். கச்சான், கடலை, இறால் வடை, ஐஸ்கிறீம் வான், பட்டம், பிள்ளைகள். தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் எல்லாம் ஒரே மணலில். ஆனி ஆடியில் பகல் முழுக்கத் தரையில் இருந்து அனலாக அடிக்கிற கச்சான் காற்று பின்னேரம் அடங்கிக் கடற்காற்று திரும்பும்போது எல்லோர் முகத்திலும் ஓர் ஆறுதல் தெரியும். மான்களும் வரும். கோட்டைக்குள் இருக்கிற புள்ளிமான் கூட்டம் இப்போது நகரமெல்லாம் திரிகிறது. பார்க்க வடிவு, ஆனால் அவை சந்தைக் குப்பையில் பொலித்தீன் தின்பதையும் பார்ப்பீர்கள். தயவுசெய்து கையில் இருக்கிற பையோடு ஒன்றையும் அவற்றுக்கு நீட்டாதீர்கள்.

அந்தக் கடற்கரையில் நிற்கும்போது இன்னொன்றும் எனக்கு நினைவு வரும். 2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம், காந்தி சிலைக்குக் கிட்ட, இதே மாதிரிக் காற்று வாங்க வந்து இருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கு பல வருடம் இழுபட்டு 2019இல் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் சனம் அங்கே விளக்கேற்றுகிறது. சுற்றுலாக் கையேடுகளில் இந்த இடத்தில் சூரியோதயம் நல்லாயிருக்கும் என்று மட்டும் போட்டிருக்கும். போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் விருப்பம்.

கோயிலுக்கு எல்லோரும் போவார்கள், அதனால் நான் அதிகம் சொல்லவில்லை. சம்பந்தர் பாடிய தலம். இடிபட்ட பழைய ஆலயத்தின் மூர்த்தங்கள் சில 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து வெளிவந்தன, 1963இல் புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. ஒன்று மட்டும்: கோட்டை வாசலில் அவசரமாக நுழையாமல் நின்று சுவரைப் பாருங்கள், இரட்டை மீன் பொறித்த கல்லும் தமிழ் எழுத்துள்ள கல்லும் அங்கேயே இருக்கின்றன. மேலே மலை நுனியில் நிற்கும்போது கடலையும் கொஞ்ச நேரம் பாருங்கள். கரைக்கு மிகக் கிட்டவே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று ஓடுகிறது, அதனால் மார்ச் முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களில் நீலத்திமிங்கிலம் மூச்சு விடுவதை மலையில் இருந்தே கண்டவர்கள் இருக்கிறார்கள். படகுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, பொறுமைதான் வேண்டும்.

அடுத்து, பெரும்பாலானவர்கள் போகாத பக்கம்: கிண்ணியாவும் மூதூரும். துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. திருமலையில் பஸ் ஏறினால் சீனக்குடா, மா ஆலை, சீமெந்து ஆலை எல்லாம் கடந்து கிண்ணியாப் பாலம் வரும். 2009இல் திறந்தது, 396 மீற்றர், நாட்டின் மிக நீளமான பாலம் என்று அப்போது கொண்டாடினார்கள். அதற்கு முன்னால் இந்தக் குடாவின் வாயைக் கடக்கப் 'பாதை'யில்தான் ஏற வேண்டும், பஸ்ஸும் ஆளும் ஆடும் சைக்கிளும் எல்லாம் ஒன்றாக மிதந்து போகிற அந்தப் பாதையில் காத்திருந்த கதையைக் கிண்ணியாவில் முப்பது வயது தாண்டிய யாரும் சொல்வார்கள். மூதூருக்கு இதுபோல இன்னும் பல துறைகள், அதனால் சனம் திருமலை ஜெட்டியில் லோஞ்ச் பிடித்துக் குடாவைக் குறுக்கே வெட்டித்தான் போய்வந்தது. ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் கடலால் போவது அவர்களுக்கு அன்றாடமாக இருந்தது.

எல்லாப் பாலமும் வந்துவிட்டது என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. கிண்ணியாவுக்குள் குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை உடைத்துப் புதிது கட்டிக்கொண்டிருந்த காலத்தில், தற்காலிகமாக ஓடிய மிதப்பு 2021 நவம்பரில் கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். உலகத்துக் கப்பல்கள் பாதுகாப்பாக வந்து போகிற நீருக்குப் பக்கத்தில் இது நடந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

பாலத்தடியில் மீன் விற்கிற நானா ஒருவரோடு கதைத்துக்கொண்டு நின்றேன். இறால் பெரிதாக, கண்ணாடி நிறத்தில் கிடந்தது.

"இது கடல் இறாலா நானா?"

"இல்ல மகள், இது தம்பலகாமக் குடாவுல புடிச்சது. உள்ளுக்குத் தண்ணி கலக்குற எடம், அதான் ருசி. கடல் இறால் வேணுமெண்டா கொட்பேக்குப் போங்க, அங்க பலநாள் படகு வரும்."

கொட்பே என்பது உட்துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிற மீன்பிடித் துறைமுகம். ஆலைகளுக்கு வருகிற பெரிய கப்பல்களைப் பார்த்த கண்ணுக்கு இந்தப் படகுகள் சின்னதாகத் தெரியும், ஆனால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் நின்று சூரையும் கெளவல்லாவும் கொண்டுவருகிறவை இவைதான். வடக்கே நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதும் இன்னும் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் மேற்குக் கரையில் கடல் பொல்லாததாகும்போது நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து வாடி என்கிற தற்காலிகக் குடில் போட்டுத் தொழில் செய்வது தலைமுறை தலைமுறையாக நடப்பது, வாடை தொடங்கினால் திரும்பிவிடுவார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை வைத்து ஊரில் யார் யார் இருப்பார்கள் என்று சொல்லிவிடலாம்.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். கிண்ணியா, தம்பலகாமப் பக்கத்து எருமைத் தயிர், சட்டியோடு வாங்கிப் பாணி ஊற்றிச் சாப்பிட வேண்டும். நகரத்து மீன் சந்தையில் காலையில் அறுக்குளா, பாரை, விளைமீன், கணவாய் என்று குவிந்திருக்கும். பெரியம்மா கணவாயை மையோடு கறி வைப்பா, இடியப்பத்துக்கு அதைவிட ஒன்று வேண்டாம். வீடு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை, பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் மத்தியானம் மீன்குழம்பும் சொதியும் சோறும் வயிறு நிறையக் கிடைக்கும். உப்புவெளி ஹோட்டல்களில் கிடைக்கிற அதே மீன், விலைதான் வேறு.

டொக்யார்ட் வீதியில் பழைய ஒல்லாந்தக் கட்டடம் ஒன்றைத் திருத்திக் கடற்படை ஒரு நூதனசாலை வைத்திருக்கிறது, கடல்சார் வரலாறும் கடலுயிர்களும். கட்டடமே பார்க்க வேண்டியது, தடித்த சுவர், உயரமான தூண், உள்ளே நல்ல குளிர்ச்சி. நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகள் இருக்கின்றன, நன்றாகப் பராமரிக்கிறார்கள், பெரும்பாலும் இருபதும் இருபத்திரண்டும் வயதுப் பெடியன்கள். கடற்கரைக்கு ஓட்டோவில் பறக்கிறவர்கள் அதன் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள்.

உட்துறைமுகக் கரையில் சனம் ஆறுதலாக நடக்க, இருக்க, பிள்ளைகளுக்குக் கப்பல் காட்ட ஒரு நீளமான நடைபாதை வேண்டும். கிழக்கு மாகாண சபையின் தலைமைச் செயலகம் இருக்கிற ஊர் இது, அந்தக் கந்தோர்களில் பல உவர்மலையிலேயே இருக்கின்றன, ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும். பெரிய திட்டமெல்லாம் வந்து வந்து போகிற ஊரில் இது சின்ன வேலை. கல்லும் சீமெந்தும் நாலு மரமும் இருந்தால் போதும், சீமெந்து எதிர்க்கரையிலேயே அரைக்கிறார்கள்.

அதுவரைக்கும் இப்படிச் செய்யுங்கள். இரவு ரயிலில் வருகிறவர்கள் கந்தளாய் தாண்டினதும் எழும்பி, சீனக்குடா ஸ்டேசன் வந்ததும் வலப்பக்கத்து ஜன்னலுக்கு மாறுங்கள், மரங்களுக்கு இடையால் துறைமுகம் விட்டுவிட்டுத் தெரியும். வானில் வருகிறவர்கள் கோயில் முடித்து நிலாவெளிக்குத் திரும்ப முன்னர் ட்றைவரிடம் உவர்மலை, உட்துறைமுக வீதி என்று சொல்லுங்கள், சந்தையடியில் இருந்து அதிக தூரம் இல்லை. காலை என்றால் எட்டு மணிக்கு முன்னம், வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், எதிர்க்கரை முழுக்கத் துலக்கமாகத் தெரியும். கப்பல் நின்றால் அடிப்பக்கத்துச் சிவப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பின்னேரமும் ஒருக்கால் வந்து பாருங்கள்.